மூன்றாவது ஓட்டு எங்கே?

புதுச்சேரி சட்டமன்றத்தின் எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும் உறுப்பினர்களுக்கும், அந்தக் கட்சிகளின் கொடியோடு காரைக்கால் கடலோர ஊர்களுக்கு வந்துபோகும் நிர்வாகிகளுக்கும் தொண்டர்களுக்கும்,



இது தேர்தல் வரும் ஆண்டு. பொங்கல் முடிந்ததும் முடியாததுமாக உங்கள் வண்டிகள் எங்கள் பக்கம் வரத் தொடங்கிவிட்டன. கோட்டுச்சேரி கடைத்தெருவில் ஒரு கூட்டம், திருவேட்டக்குடியில் ஒரு கொடியேற்றம், பிறகு கடற்கரைக்கு இறங்கி காளிக்குப்பத்திலும் எங்கள் மண்டபத்தூரிலும் பேச்சு. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்கிறவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் பேசுவதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். உங்கள் பேச்சில் ஒன்றை மட்டும் காணவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் சம்மதமானதைச் சொல்கிறேன்.

மாநில அந்தஸ்து வேண்டும் என்கிறீர்கள். வேண்டும்தான். 1963-ம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தால் நமக்கு ஒரு சட்டமன்றம் கிடைத்தது. அந்த மன்றம் முடிவெடுத்ததை நிறுத்திவைக்கும் அதிகாரம் மட்டும் தில்லியிடமே தங்கிவிட்டது. 30 பேரை நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறோம். 3 பேரை மத்திய அரசு நியமிக்கிறது. 2017-ல் அமைச்சரவையைக் கேட்காமலே மூவரை நியமித்தார்கள். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் முதலமைச்சர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்த அன்று, நியமன உறுப்பினருக்கும் ஓட்டு உண்டா என்பதுதான் மன்றத்துக்குள் நடந்த சண்டை. மக்கள் ஓட்டே வாங்காத ஒருவர், மக்கள் ஓட்டு வாங்கிய அரசைக் கவிழ்ப்பதற்குக் கை தூக்கலாம் என்றால் அந்த மன்றத்துக்கு என்ன மரியாதை? நீங்கள் கேட்டது சரியான கேள்வி. மாநில அந்தஸ்துக்காக நம் சட்டமன்றம் பத்துக்கும் மேற்பட்ட முறை தீர்மானம் போட்டுவிட்டது. 2024-லும் போட்டது, 2025-லும் போட்டது. தில்லி அசையவில்லை.

நாட்டு விவகாரங்களைப் பற்றி நீங்கள் பேசும்போது சிலர், “மண்டபத்தூர்க்காரிக்கு இதெல்லாம் எதற்கு” என்று முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். 2024 டிசம்பரில் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கு மசோதா கொண்டுவந்தபோது, கூடவே யூனியன் பிரதேசங்களுக்கென்று தனியாக இன்னொரு மசோதா வந்தது. 2025 ஆகஸ்டில், 30 நாள் காவலில் இருந்தால் முதலமைச்சரின் பதவி போகும் என்று மசோதா வந்தபோதும் அதே கதை. இந்த விஷயங்களில் பெரிய மாநிலத்தின் மீது கை வைக்க வேண்டுமென்றால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். நம்மீது கை வைப்பதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அண்டை மாநிலத்துக்குக் கடினமாக இருப்பது நமக்கு ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். 2019-ல் ஜம்மு காஷ்மீரை மாநிலம் என்ற இடத்திலிருந்து இறக்கியபோது, புதுச்சேரிக்கு உள்ள அதே பிரிவின் கீழ்தான் அதற்குச் சட்டமன்றம் என்றார்கள். அப்படியொரு பலவீனமான இடத்தில்தான் நாம் நிற்கிறோம். இதை நீங்கள் மேடைதோறும் சொல்ல வேண்டும்.

ரேஷன் கடைகளைப் பற்றிப் பேசினீர்கள். அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று சொல்லிக் கடைகளைப் பல ஆண்டுகள் பூட்டிப்போட்டார்கள். குடும்பத்தலைவி கணக்கில் விழும் பணம் எப்படியெல்லாம் போகும் என்பது தில்லிக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். 2024 தீபாவளிக்கு முன்னால் கடையை மறுபடி திறந்ததற்கு உங்கள் கூச்சலும் ஒரு காரணம். மின்துறையைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஊழியர்களோடு நின்றீர்கள். அதுவும் சரி.

கடலில் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். 2025 ஜனவரி 28 அதிகாலையில், நெடுந்தீவுப் பக்கம், காரைக்கால் விசைப்படகு மீது இலங்கைக் கடற்படை சுட்டது. படகில் இருந்தவர்கள் 13 பேர். இருவருக்குப் பலத்த காயம். அன்று இந்தக் கரை முழுக்க ஒரே பேச்சுத்தான். கிளிஞ்சல்மேடு என்ற மீனவ ஊரில் பெண்கள் அழுத அழுகையை நான் நேரில் பார்த்தேன். நீங்கள் வந்தீர்கள், மத்திய அரசைக் கண்டித்தீர்கள், 1974-ல் கச்சத்தீவைக் கொடுத்தது யார் என்று உங்களுக்குள்ளேயே ஒரு வழக்கும் நடந்தது. அந்த வழக்கு எங்கள் வீட்டு உலைக்கு உதவாது. நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். இலங்கை 2017-லேயே இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. 2018-ல் வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தைப் பல மடங்கு கூட்டிவிட்டது. அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலையை இழப்பவர்களும் தமிழ் பேசும் கடற்காரர்கள்தான். சுடுவதை எதனாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் நம் பிள்ளைகள் அங்கே போகாமல் பிழைக்க வழி வேண்டும். ஆழ்கடல் படகுக்கு மானியம், அதை ஓட்டப் பயிற்சி, வாங்கிய கடனுக்குத் தவணை என்று பேசுகிற எதிர்க்கட்சிதான் எங்களுக்கு வேண்டும். பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டம் 2017-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. காரைக்காலுக்கு அதுபோல ஒன்று வேண்டும் என்று அழுத்திக் கேட்டவர் எத்தனை பேர்? நாட்டில் மூன்றே இடங்களில் அமைக்கப்போவதாகச் சொல்லப்பட்ட நவீன ஒருங்கிணைந்த மீன்பிடித் துறைமுகத்தில் ஒன்று நம் காரைக்காலுக்கு வந்திருக்கிறது. அது லாஞ்ச்காரருக்கு மட்டும் உதவுமா, மண்டபத்தூர் ஃபைபர் படகுக்கும் கூடை சுமக்கும் பெண்ணுக்கும் அதில் ஓரிடம் உண்டா என்று எங்களிடம் யார் வந்து கேட்டார்கள்?

நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது. எங்களிடம் கேட்பதற்கென்று சட்டம் வைத்த இடம் ஒன்று இருந்தது. அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது உங்கள் வாக்குச்சாவடி முகவர்கள் வீடு வீடாக வந்தார்கள். மழைக்காலம். ஆண்கள் பாதிப் பேர் கடலில், பாதிப் பேர் வெளியூர்த் துறைமுகங்களில். பழைய பட்டியலில் அப்பா பெயர் எங்கே, புருஷன் பெயர் எங்கே என்று தேடி, படிவம் நிரப்பிக் கொடுத்து, மழையில் நனைந்தபடி நின்ற பிள்ளைகளை மறக்க மாட்டோம். நன்றி. ஆனால் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தப் பெயரை வைத்து நாங்கள் எத்தனை ஓட்டுப் போடுகிறோம்? நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று. நந்தலாற்றுக்கு அந்தப் பக்கம் சந்திரபாடியில் இருக்கும் என் சம்பந்தி வீட்டில் ஊராட்சிக்கு ஒரு ஓட்டு இருந்தது. அங்கேயும் 2025 ஜனவரியோடு காலம் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது என்றாலும், 2019-ல் போட்டார்கள். எங்களுக்கு அந்த மூன்றாவது ஓட்டு 2006-ல் கிடைத்ததோடு சரி. அதற்கு முன்னால் 1968. இடையில் 38 ஆண்டுகள். 2006-ல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2011 ஜூலையில் முடிந்தது. அதன்பிறகு இன்றுவரை ஒன்றுமில்லை. முப்பத்தேழு வயதுக்கு உட்பட்ட யாரும் இந்த மண்ணில் கிராமப் பஞ்சாயத்துக்கோ, பல கிராமங்களைச் சேர்த்த கொம்யூனுக்கோ ஒரு முறைகூட ஓட்டுப் போட்டதில்லை. என் மகனும் மருமகளும் போட்டதில்லை. ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-ஈ பிரிவு சொல்கிறது. 1993 முதல் நடைமுறையில் இருக்கும் பகுதி அது. யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும்.

2006-ல் பெண்களுக்கான ஒதுக்கீட்டில் நின்று ஜெயித்த வார்டு உறுப்பினர்களில் நானும் ஒருத்தி. அந்த ஐந்து ஆண்டில் நான் பெரிதாக எதையும் கட்டிவிடவில்லை. வார்டு உறுப்பினருக்கு அவ்வளவு அதிகாரமோ பணமோ கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் கோட்டுச்சேரி கொம்யூன் அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போவேன். போர் தண்ணீர் உப்பாகிவிட்டது என்றால் பாட்டிலில் பிடித்து எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைப்பேன். என்ன வேலை நடந்தது என்பதைவிட, அந்த அறைக்குள் நான் உட்கார்ந்து பேசினேன் என்பதுதான் விஷயம். உட்காரச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. இன்று போனால் வாசலில் நிற்க வேண்டும்.

2008 நவம்பரில் நிஷா புயல் எங்கள் பக்கத்தில்தான் கரையேறியது. மழை நிற்காமல் கொட்டி டெல்டாவே மிதந்தது. எங்கள் தெருக்களில் முழங்கால் தண்ணீர். கூரை போனது யார் வீடு, வலை நனைந்து மக்கியது யாருக்கு, யார் வீட்டில் அடுப்பு எரிந்து எத்தனை நாளாகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே நடந்தேன். மகன் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட ஒரு கிழவி இருந்தாள். சுனாமியில் புருஷனைப் பறிகொடுத்தவள். கார்டு மகன் பெயரில். கணக்குப்படி அந்த வாசலில் ஒரே குடும்பம்தான், ஒரே நிவாரணம்தான். அலுவலகத்தில் இதைச் சொல்லி வாதாடினேன். “அந்தச் சாய்ப்பில் தனி அடுப்பு இருக்கிறது, வந்து பாருங்கள்” என்றேன். வந்து பார்த்தார்கள். பெயரைச் சேர்த்தார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. அப்போது நான் வெறும் மண்டபத்தூர்க்காரி. கணக்கெடுக்க ஓர் அலுவலர் வந்தார். ரோட்டோரமாக ஓடு போன வீடுகளை எழுதிக்கொண்டார். உள்ளே குறுக்குச் சந்துக்கு வரவில்லை. பின்பக்கச் சாய்ப்புகள் அவர் கண்ணில் படவே இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? எத்தனை ஊருக்கு ஒரே ஆளாக அலைந்தாரோ. எந்தச் சந்தில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்து வைக்கத்தான் பஞ்சாயத்து என்ற ஒன்றைச் சட்டத்தில் எழுதினார்கள். விடுபட்டவர்கள் மனு எழுதி எடுத்துக்கொண்டு போனால், “கோப்பு புதுச்சேரிக்குப் போயிருக்கிறது” என்ற பதில். புதுச்சேரி இங்கிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர். வழியெல்லாம் தமிழ்நாடு. ஒரு சாய்ப்பு எங்கே இருக்கிறது என்பதை அங்கே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய நிலை யாரால் வந்தது?

2022 ஜூலையில் காரைக்கால் நகரத்தில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்களே, அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்தது என்று ஊரே சொன்னது. பழைய குழாய் எங்கே அரித்திருக்கிறது, எந்தத் தெருவில் தண்ணீர் நாறுகிறது என்று முதலில் தெரிவது அந்தந்த வார்டில் குடியிருப்பவருக்கு. நகராட்சி மன்றம் இருந்திருந்தால் ஒருவராவது எழுந்து கத்தியிருப்பார். உறுப்பினர் இல்லாத நகராட்சியில் கத்துவது யார்? நூறு நாள் வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வேலை எடுப்பது என்பதைக் கிராமப் பஞ்சாயத்து முடிவு செய்ய வேண்டும், கணக்கைக் கிராமசபை பார்க்க வேண்டும் என்று 2005-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் பெண்கள் மண்வெட்டி எடுத்துப் போன வேலையெல்லாம் அதிகாரி காட்டிய இடத்தில்தான் நடந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையே மாற்றியபோது, கிராமத்தின் உரிமை பறிபோகிறது என்று நீங்கள் முழங்கினீர்கள். உண்மைதான். எங்கள் ஊரில் அந்த உரிமை பறிபோய்ப் பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது.

இந்தப் பழியை ஆளுங்கட்சி மேல் மட்டும் போட்டு நகர்ந்துவிட முடியாது. 2011 முதல் 2016 வரை முதலமைச்சர் ரங்கசாமியின் அரசு தேர்தலை நடத்தவில்லை. 2016 முதல் 2021 வரை இருந்தது உங்கள் அரசு. காங்கிரசின் நாராயணசாமி முதலமைச்சர், கூட்டணியில் தி.மு.க. வார்டு மறுவரையறையை முடித்துத் தேர்தலை நடத்துங்கள் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் நடக்கவில்லை. மாநிலத் தேர்தல் ஆணையராக யாரை வைப்பது என்று அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இழுபறி. அதில் ஆளுநர் கிரண் பேடியின் பங்கு பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரேஷன் அரிசிக்காக ஆளுநர் மாளிகை வாசலில் தரையில் உட்கார்ந்து போராடத் தெரிந்த அமைச்சரவைக்கு, பஞ்சாயத்துத் தேர்தலுக்காக ஒரு நாள் உட்காரத் தோன்றவில்லை. பிறகு 2021-ல் மறுபடி ரங்கசாமி அரசு. அந்த அக்டோபரில் தேதி அறிவித்தார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இருந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு அறிவித்தார்கள். நீங்கள் பந்த் நடத்தினீர்கள், உயர் நீதிமன்றத்துக்குப் போனீர்கள், தேர்தல் நின்றது. அதில் தப்பே இல்லை. மீனவர்களான நாங்களும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள்தான். ஒதுக்கீடு இல்லாத பஞ்சாயத்து எங்களுக்கு வேண்டாம். பிறகு அந்த ஒதுக்கீட்டை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சசிதரன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தார்கள். எனக்கு வருத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான். தேர்தலை நிறுத்துவதற்கு ஓடிய வேகம், சரியான ஒதுக்கீட்டோடு அதை நடத்தவைப்பதற்கு ஓடவில்லை. வழக்கு நின்ற இடத்திலேயே உங்கள் குரலும் நின்றுவிட்டது.

ஏன் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சின்னப் பிரதேசத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதி என்பது சில பத்தாயிரம் ஓட்டு. அதற்குள் ஒரு கொம்யூன் தலைவரும் நாலைந்து பஞ்சாயத்துத் தலைவர்களும் ஓட்டு வாங்கி வந்துவிட்டால், குழாய்க்கும் விளக்குக்கும் மக்கள் எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்கு வர வேண்டிய தேவை குறைந்துவிடும். ஆளும்போதும் எதிரணியில் இருக்கும்போதும் எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களும் ஒற்றுமையாக மௌனம் காக்கிற விஷயம் இது ஒன்றுதான். தில்லி தன் அதிகாரத்தை உங்களோடு பங்கிட மறுக்கிறது என்கிறீர்கள். தில்லி உங்களுக்குச் செய்வதைத்தான் நீங்கள் எங்களுக்குச் செய்கிறீர்கள். ஆளுநர் உங்கள் கோப்பைத் திருப்பி அனுப்பினால் ஜனநாயகப் படுகொலை. எங்கள் ஊருக்குத் தேர்ந்தெடுத்தவர் யாருமே இல்லாமல் அலுவலர் மட்டும் இருந்தால் அதற்கு என்ன பெயர்?

சிலர் கேட்பீர்கள்: மீனவ ஊரில்தான் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறதே, அப்புறம் என்ன? இருக்கிறது. அது எங்கள் உயிர். வலை அறுந்த சண்டையிலிருந்து கோயில் திருவிழாவரை, சுருக்குவலைத் தகராறிலிருந்து கைதானவர்களை மீட்கக் கலெக்டரைப் பார்ப்பதுவரை பஞ்சாயத்தார்தான் முன்னால் நிற்கிறார்கள். 11 மீனவக் கிராமப் பஞ்சாயத்தாரும் கூடித் தொழில்மறியல் என்று முடிவெடுத்தால் ஒரு படகும் கடலில் இறங்காது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையைத் தூக்கி நிறுத்தியதில் அவர்கள் பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அங்கே பெண் உட்கார முடியாது. மீனை ஏலம் எடுக்கிறவள் பெண், கூடை சுமந்து காரைக்கால் மார்க்கெட்டுக்கும் ஊர் ஊராகவும் கொண்டுபோய் விற்கிறவள் பெண், கருவாடு காயப்போடுகிறவள் பெண், வீட்டுக் கடனுக்கு மகளிர் குழுவில் கையெழுத்துப் போடுகிறவள் பெண். ஊர் கூடும்போது ஓரமாக நிற்கிறவளும் அவள்தான். ஆணில்லாத வீடு வரிக்கணக்கில்கூடச் சில ஊர்களில் அரைக் குடும்பம்தான். சட்டப்படியான பஞ்சாயத்து வந்த அந்த ஐந்து ஆண்டில்தான் இந்தக் கரையில் பெண்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். அதை எடுத்துவிட்டபோது மண்டபத்தூர் ஆண்களுக்குப் பேச ஓர் இடம் மிச்சம் இருந்தது. எங்களுக்கு ஒன்றுமில்லை. மகளிர் உரிமை பற்றி மேடையில் பேசுகிற உங்கள் மகளிர் அணி அக்காமார்கள் இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

நமது சரித்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1880-லேயே பிரெஞ்சுக்காரர்கள் இந்த மண்ணில் கொம்யூன்தோறும் நகரசபை வைத்தார்கள். அதில் எத்தனையோ கோளாறுகள், வெள்ளைக்காரனுக்குச் சாதகமான பட்டியல்கள், அடிதடி, கள்ள ஓட்டு. இருந்தாலும் தேர்ந்தெடுத்த மன்றம் என்று ஒன்று இருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் பக்கம் கீழூரில் கூடி, இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டவர்கள் யார்? பொதுமக்கள் நேராகப் போடவில்லை. பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் புதுச்சேரி, காரைக்கால் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர். 170 பேர் இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த முடிவை வைத்துத்தான் நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. நாம் இந்தியர்களானது உள்ளூர் மன்ற உறுப்பினர்கள் போட்ட ஓட்டினால். இன்று கீழூர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் கொடியேற்றுகிறார்கள், தியாகிகளுக்குச் சால்வை போடுகிறார்கள். அப்படியொரு கூட்டத்தை இன்று யாராவது கூட்ட நினைத்தால், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தவிர கூப்பிடுவதற்கு இந்தப் பிரதேசத்தில் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது.

1979-ல் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் பார்த்தபோது கட்சி வேறுபாடில்லாமல் மக்கள் எதிர்த்து நின்றார்கள் என்று பெருமையாகப் பேசுகிறீர்கள். தனித்தன்மை என்று அன்று காப்பாற்றியதில் இந்தக் கொம்யூன் முறையும் ஒன்று. கொம்யூன் என்ற பெயர்ப்பலகை இன்னும் தொங்குகிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். தேர்தல் அறிக்கையில் “உள்ளாட்சித் தேர்தல் நடத்தப்படும்” என்று ஒரு வரி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த வரியை நான் பல அறிக்கைகளில் படித்துவிட்டேன். இப்போதே, எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போதே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சசிதரன் ஆணையத்தின் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று சட்டமன்றத்தில் எழுந்து கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள். கூட்டத்தொடர் சில நாட்களில் முடிந்துவிடுகிறது, நேரம் கிடைப்பதில்லை என்று சொல்லாதீர்கள். மாநில அந்தஸ்துத் தீர்மானத்துக்குக் கிடைத்த நேரம் இதற்கும் கிடைக்கும். நம் ஒரே மக்களவை உறுப்பினர் வைத்திலிங்கம் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். முன்னாள் முதலமைச்சரும்கூட. புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து கேட்கும் அதே உரையில், புதுச்சேரிக்குள் பஞ்சாயத்து இல்லாததையும் அவர் நாடாளுமன்றத்தில் சொல்லட்டும். தில்லி கேலி செய்யும் என்று தயங்க வேண்டாம். நம் வீட்டைச் சரிசெய்துகொண்டு கேட்கும்போதுதான் நம் கோரிக்கைக்குப் பலம்.

தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் கிராமசபையைக் கூட்டச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மாசி மகத்தன்று திருவேட்டக்குடி சுவாமி கடலாட வரும்போது எங்கள் கரையில் எவ்வளவு ஜனம் கூடுகிறது தெரியுமா? அதில் பத்தில் ஒரு பங்கு கூடினால் போதும், இந்த ஊருக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு காலைப்பொழுதில் சொல்லி முடித்துவிடுவோம். நீங்கள் மைக் பிடிக்க வேண்டாம். கீழே உட்கார்ந்து கேட்டால் போதும்.

ஒதுக்கீட்டு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பிற்படுத்தப்பட்டோர் கணக்கு இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லியே இன்னொரு ஐந்து ஆண்டை ஓட்டிவிட முடியும். ஆளப்போவது நீங்களாக இருந்தாலும் அந்தச் சாக்கு உங்கள் கைக்கும் வரும். கணக்கெடுப்புக்கு நாள் குறியுங்கள். மறுவரையறைக்கு நாள் குறியுங்கள். வார்டுப் பட்டியலில் எதிர்ப்பு இருந்தால் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள். வேட்புமனு தொடங்கிய பிறகு நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள்.

உங்களில் யார் ஜெயித்து வருவீர்கள், யார் மறுபடி எதிர்வரிசைக்குப் போவீர்கள் என்பது இந்தக் கோடைக்குள் தெரிந்துவிடும். அடுத்த முறை மண்டபத்தூருக்கு வரும்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும். நான் மட்டும் கேட்கப்போவதில்லை. குழுக்காரப் பெண்களிடமெல்லாம் பேசி வைத்திருக்கிறேன். நடத்துவோம், ஆவன செய்வோம், பரிசீலிப்போம் என்ற பதிலை நாங்கள் ஏற்கப்போவதில்லை. ஆட்சிக்கு வந்தால் எந்த மாதம் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் என்று மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள். எதிர்வரிசைக்கே போனால், எந்த மாதத்துக்குள் நடத்தவைப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
2006-ல் நீங்களும் ஓட்டுக் கேட்டு வந்த தெருவிலிருந்து,
ஒரு முன்னாள் வார்டு உறுப்பினர்,
மண்டபத்தூர், காரைக்கால்.
தை, 2026